அண்ணாச்சி பையிலிருந்த செங்கல்

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் என் மகள் தன் தோள்பையிலிருந்து பழைய செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொருளை எடுத்துச் சாப்பாட்டு மேசைமேல் வைத்தாள். பிரித்தால் அரைச் செங்கல். அதன் ஒரு பக்கம் முழுக்கச் சீப்பால் வாரியதுபோல மெல்லிய வெட்டுக் கோடுகள். இப்படி ஒரு செங்கல்லை நான் முதன்முதலில் பார்த்த நாள் இன்னும் மறக்கவில்லை. பதினான்கு ஆண்டுகளுக்கு முன், ஒரு மனிதரின் சாப்பாட்டுப் பையிலிருந்து நானே அதை எடுத்து, கம்பெனி கேட்டில் நின்ற அத்தனை பேருக்கும் தெரியும்படி உயர்த்திப் பிடித்தேன்.

அவரை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்குப் பட்டன் செய்துகொடுக்கும் ஒரு சிறிய கம்பெனியில் அப்போது நான் பர்ச்சேஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். துணி வாங்கும் வெளிநாட்டு பையர் ஒருவர் நிஜக் கல்லில் பட்டன் வேண்டும் என்று கேட்டதால், பின்புற ஷெட்டில் ஒரு கல் அறுக்கும் மெஷினைப் போட்டு, அகேட் கல்லை மூட்டையில் வரவழைத்து, அதை அறுக்க அண்ணாச்சியை வேலைக்கு எடுத்தோம். அவருடைய மனைவி அதே கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்தார். இருவரும் காலையில் ஒன்றாக வருவார்கள், மாலையில் ஒன்றாகப் போவார்கள். அகேட் பார்க்க அழகான கல், உள்ளே வளையம் வளையமாகக் கோடு ஓடும். ஆனால் அறுக்க மகா பிடிவாதம். அண்ணாச்சி பாட்டுப் பாடிக்கொண்டே அதை அப்பளம்போல வில்லைகளாக இறக்குவார்.

அவர் வாங்கச் சொன்ன பிளேடு சீக்கிரம் தேய்ந்தது. அதுதான் என் கண்ணை உறுத்தியது. இந்த பிளேடுக்குப் பல் கிடையாது. வட்டத் தகட்டின் விளிம்பில் வைரத் தூளை உலோகத்தோடு கலந்து பதித்திருப்பார்கள். கல்லை அறுப்பது அந்தத் தூள்தான். தூளைப் பிடித்துக்கொண்டிருக்கும் உலோகம் கெட்டியாகவும் இருக்கலாம், இளக்கமாகவும் இருக்கலாம். இதெல்லாம் இன்று எனக்குத் தெரியும். அன்று நான் பிளேடு விற்க வந்தவரிடம் கேட்டது ஒரே கேள்வி: "எது ரொம்ப நாள் வருமுங்க?" இருப்பதிலேயே கெட்டியானதை அவர் காட்டினார். வாங்கிவிட்டேன்.

அண்ணாச்சி அதைக் கையில் வாங்கி, விளிம்பை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார். "சார், இது நம்ம கல்ல அறுக்காது. கல்லு கெட்டின்னா பிளேடு இளக்கமா இருக்கணும். தேய்ஞ்சாத்தான் உள்ள இருக்க புது வைரம் வெளிய வரும். தேயாத பிளேடு மழுங்கிப் போயிச் சும்மா வழுக்கிக்கிட்டே கெடக்கும்."

சுற்றி நாலைந்து பேர் நின்றார்கள். எனக்கு டிப்ளமோ படித்த திமிர். "அப்படீங்களா அண்ணாச்சி? கெட்டிக் கல்லுக்கு மெத்துனு பிளேடு. அப்ப வாழைத்தண்டு அறுக்கத்தான் வைர பிளேடு வேணுமுங்களாட்ட இருக்குது" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

"நீங்க சிரிங்க சார். கல்லு சிரிக்காதுல்லா" என்று சொல்லிவிட்டு அவர் மெஷினில் பிளேடை மாட்டினார்.

அவர் சொன்னபடியே ஆயிற்று. ஷெட்டிலிருந்து நாள் முழுக்க ஒரு கீச்சுச் சத்தம் வந்தது. வில்லைகள் பாதியாகக் குறைந்தன. பிறகு சில நாட்களில் எப்படியோ வேலை மறுபடி ஓட ஆரம்பித்தது. ஆனால் அந்த பிளேடும், விற்றவர் சொன்ன நாள் வரை வராது போலத் தேய்ந்துகொண்டிருந்தது. ஒருநாள் மெஷினுக்கு அடியிலிருந்த தண்ணீர்த் தட்டை எட்டிப் பார்த்தேன். எங்கள் கல் சாம்பல் நிறம். தட்டிலோ செந்நிறச் சேறு. இந்த ஆள் கம்பெனி பிளேடில் வேறு எதையோ அறுக்கிறார் என்று முடிவு கட்டினேன். அவரைக் கூப்பிட்டு "இது என்னங்க அண்ணாச்சி?" என்று கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் தீர்ந்திருக்கும். அதைக் கேட்க எனக்கு மனமில்லை. என்னைவிட அவருக்கு அதிகம் தெரியும் என்பது என்னை அரித்துக்கொண்டிருந்தது. அவர் தப்பு செய்து மாட்டினால் நன்றாயிருக்கும் என்று நான் ஆசைப்பட்டேன் என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

அன்று மாலை ஷிஃப்ட் விடும் நேரம் கேட்டில் நின்று அவருடைய பையை மட்டும் சோதிக்கச் சொன்னேன். வாட்ச்மேன் தயங்கினார். நானே பையை வாங்கினேன். தூக்குச் சட்டி, துண்டு, அதற்கும் கீழே பழைய வேட்டித் துணியில் பத்திரமாகச் சுற்றிய அரைச் செங்கல். உடம்பெல்லாம் பிளேடு போட்ட கோடு.

"கம்பெனி பிளேடுல ஊட்டுக்குச் செங்கல் அறுக்கறீங்களா அண்ணாச்சி?"

"சார், அது பிளேடுக்குச் சாணை பிடிக்கிறதுக்கு நான் வீட்டுலேருந்து கொண்டாந்தது..." என்று அவர் ஆரம்பித்தார்.

கூட்டத்திலிருந்து யாரோ, "அண்ணாச்சி ஊடு கட்டறாராட்டங்குது, பாலு காய்ச்சறப்ப சொல்லுங்க!" என்றார்கள். சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்பு எனக்குத் தெம்பாக இருந்தது. "செங்கல்லே வெளிய போகுதுன்னா அகேட்டு போயிருக்காதுங்களா?" என்று மானேஜரைப் பார்த்து உரக்கக் கேட்டேன். அகேட் குறைந்ததா என்று நான் பார்த்ததே இல்லை. அது வாய்க்கு வந்த வார்த்தை. ஆனால் அந்த வார்த்தை விழுந்தவுடன் சிரிப்பு நின்றுவிட்டது. எல்லோரும் அண்ணாச்சியைப் பார்த்தார்கள், பிறகு நாலு அடி தள்ளி, கையில் தன் தூக்குச் சட்டியோடு நின்ற அவருடைய மனைவியைப் பார்த்தார்கள். அண்ணாச்சி பையை வாங்கிக்கொண்டு நடந்தார். அந்த அம்மாள் மூன்றடி பின்னால் நடந்தார். மறுநாள் அண்ணாச்சி வேலைக்கு வரவில்லை. அந்த வாரக் கடைசியில் அந்த அம்மாளும் நின்றுவிட்டார். "கல்லு திருடுனவரு சம்சாரமா நீங்க?" என்று செக்கிங் டேபிளிலேயே யாரோ கேட்டார்களாம்.

மூன்று மாதம் கழித்து, புது ஆபரேட்டராலும் அறுக்க முடியவில்லை என்று மெஷின் கம்பெனியிலிருந்து ஒரு மெக்கானிக்கை வரவழைத்தோம். அவர் பிளேடைப் பார்த்தார், ஷெட் மூலையில் கிடந்த ஒரு செங்கல்லை எடுத்தார், சுழலும் பிளேடில் நாலு முறை கொடுத்தார். தட்டில் செந்நிறச் சேறு இறங்கியது. அடுத்த கல்லை பிளேடு வெண்ணெய்போல அறுத்தது. "மழுங்குனா இப்படிச் செங்கல்ல கொடுக்கோணுமுங்க. மேல இருக்கற உலோகம் தேஞ்சு புது வைரம் வந்துரும். மொதல்ல இந்த பிளேடே தப்புங்க. அகேட்டுக்கு இளக்கமானது வாங்கோணும்" என்றார். நின்றவர்களில் ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் அறைக்குப் போய் இளக்கமான பிளேடுக்கு ஆர்டர் எழுதினேன். அதற்குக் கீழே, "செங்கல் - 2" என்றும் எழுதினேன். அண்ணாச்சியைத் தேடிப் போகவில்லை. அவர் இன்னும் திருப்பூரில்தான் இருக்கிறார் என்று கேள்விப்பட்டபோதும் போகவில்லை.

என் மகள் இப்போது கல்லில் தோடும் பதக்கமும் செய்து விற்கிறாள். வீட்டு மொட்டை மாடியில் சின்ன மெஷின் வைத்திருக்கிறாள். அது ஓடும்போதெல்லாம் அவள் விரலையே பார்த்துக்கொண்டு பக்கத்தில் நிற்பேன், "கீழ போங்கப்பா, உங்களப் பாத்தாத்தான் எனக்குக் கை நடுங்குது" என்று விரட்டுவாள். போன மாதம் போனில் இரண்டு பிளேடுகளைக் காட்டி, "அகேட்டுக்கு எதுங்கப்பா ரொம்ப நாள் வரும்?" என்று கேட்டாள். இளக்கமானதை வாங்கு என்று காரணத்தோடு சொன்னேன். "சூப்பருங்கப்பா, எப்படித் தெரியும்?" என்றாள். "பர்ச்சேஸ்ல இருந்தவனுக்கு இதுகூடத் தெரியாதா கண்ணு?" என்றேன். அந்தப் பெருமையைக்கூட அண்ணாச்சியிடமிருந்து எடுத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிறு காலை அவள் பிளேடு வாங்கப் போனது காங்கயம் சாலையில் ஒரு சின்னக் கடைக்கு. இளக்கமானதாக வேண்டும் என்று அவள் கேட்டதும் கடைக்காரர் நிமிர்ந்து பார்த்து, யார் சொல்லிக்கொடுத்தது என்று விசாரித்திருக்கிறார். இவள் என் பெயரையும் பழைய கம்பெனிப் பெயரையும் சொல்லியிருக்கிறாள். அவர் இந்தச் செங்கல்லைச் சுற்றிக் கொடுத்து, "பிளேடு மழுங்குனா இதுல கொடும்மா. உங்க அப்பாட்டக் காட்டு, அவுகளுக்கு நல்லாத் தெரியும்" என்றாராம். "நல்ல மனுசருங்கப்பா" என்றாள் மகள்.

அன்று அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில் அவள் ஒன்றே ஒன்று கேட்டாள். "தெரிஞ்சதுக்கு அப்புறமும் போகலீங்களா?"

மறுநாள் அவளே என்னை வண்டியில் கூட்டிப்போனாள். அண்ணாச்சிக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. எழுந்து நாற்காலி போட்டார். நான் உட்காரவில்லை. "நான் பண்ணுனது தப்புங்க அண்ணாச்சி" என்றேன். "எனக்குத் தெரியும்லா சார்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, உள்பக்கம் பார்த்து மனைவியைக் கூப்பிட்டார். "நான் அன்னைக்கே விட்டுட்டேன். அவ விடல. அவகிட்டச் சொல்லுங்க."

அந்த அம்மாள் வந்து கதவுப் பக்கம் நின்றார். மறுபடியும் சொன்னேன். முழுக்கக் கேட்டார். பிறகு கோபமே இல்லாத குரலில் கேட்டார். "அன்னைக்குக் கேட்டுல எத்தன பேரு நின்னாக சார்?"

"நாப்பது அம்பது பேர் இருக்குமுங்க."

"இங்கன நாலு பேருதான் இருக்கோம்" என்றார். அவ்வளவுதான். உள்ளே போய்விட்டார்.

அந்தக் கம்பெனியை மூடிப் பல ஆண்டுகளாகிறது. அந்த நாற்பது ஐம்பது பேர் இன்று எங்கெங்கே இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. பத்திரிகையில் எழுதட்டுமா, பெயரைப் போடட்டுமா என்று அண்ணாச்சியிடம் கேட்டேன். "பேரு வேண்டாம் சார். அண்ணாச்சின்னு போட்டா அங்க நின்னவுகளுக்குப் புரியும்" என்றார். அதனால் இதை எழுதுகிறேன். அன்று மாலை அந்த கேட்டில் நின்ற யாராவது இதைப் படித்தால் தெரிந்துகொள்ளுங்கள்: அண்ணாச்சி எதையும் திருடவில்லை. கல் எதுவும் காணாமல் போகவில்லை. போயிருக்கும் என்று சொன்னவன் நான்.