காலை ஒன்பது மணி மேடு

மூன்று வருடங்களுக்கு முன், பல்கலைக்கழகப் பௌதிகவியல் துறையில் ஆய்வு உதவியாளராக இருந்தேன். வெளிநாட்டு நிதி வரும்வரைதான் என் சம்பளமும். நிதி நீடிக்கப்பட வேண்டுமானால், அந்த வருட அறிக்கையில் சொல்லிக்கொள்ள ஏதாவது கண்டுபிடித்திருக்க வேண்டும்.

எங்கள் கருவி நெடுந்தீவில், ஒரு அக்காவின் காணியில் இருந்தது. பூமியின் காந்தப்புலத்தில் வரும் மிகச் சிறிய மாற்றங்களைப் பதியும் கருவி. பக்கத்தில் இரும்பு இருக்கக் கூடாது என்று மரப்பெட்டிக்குள், பித்தளை ஆணி அடித்து வைத்திருந்தோம். நான் கைக்கடிகாரத்தைக் கழற்றிவிட்டுத்தான் கிட்டப் போவேன், அவ்வளவு கவனம். அக்காவிடமோ, மாடுகள் உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னதோடு சரி.

பதிவுகளுக்கு மணிவாரியாக மாதச் சராசரி எடுத்து வரைந்தபோது, கோட்டில் காலை ஒன்பது மணியளவில் ஒரு அழகான மேடு வந்தது. எந்தக் கட்டுரையிலும் நான் பார்த்திராத மேடு. சூரியனால் வருவது என்று நானே தீர்மானித்து, பன்னிரண்டு பக்கம் எழுதினேன். சந்தோஷத்தில் தலை கால் புரியவில்லை எனக்கு.

அறிக்கை அனுப்புவதற்கு முந்தின வாரம், கடைசிப் பதிவுகளை எடுக்க குறிகட்டுவான் துறையில் படகேறினேன். வழக்கமாக மத்தியானம் போகிறவள், அன்று காலையிலேயே போனேன். அக்கா கருவிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்.

"ஒரு மாடும் கிட்ட வரயில்லை, தங்கச்சி. ஞாயிறு பூசைக்குப் போறதைத் தவிர ஒருநாளும் விடாமல் காலையில வந்து பாத்தனான்" என்றார்.

நீளமான வயரில் மடிக்கணினியை இணைத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தேன். அக்கா, கருவிக்குப் பக்கத்துக் கல்வேலியில் சாய்த்திருந்த சைக்கிளை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். திரையில் கோடு சட்டென்று இறங்கியது. அவரைக் கூப்பிட்டு சைக்கிளைத் திரும்பவும் அங்கேயே சாய்க்கச் சொன்னேன். கோடு ஏறியது.

பழைய பதிவுகளை நாள் நாளாகப் பிரித்துப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மேடே இல்லை. சூரியன் பூசைக்குப் போவதில்லை என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். வெட்கமாக இருந்தது.

அக்காவின் முகம் வாடிவிட்டது. "இந்த இரும்பு செய்த வேலையோ? சொல்லியிருந்தால் அங்காலயே விட்டிட்டு நடந்து வந்திருப்பனே."

திரும்பி வரும்போது படகில் ஒரு கெட்ட யோசனையும் வந்தது. சைக்கிளைக் கண்டது நான் ஒருத்திதான். பேசாமல் இருந்தால் யாருக்குத் தெரியப் போகிறது? மறுநாள் பேராசிரியரின் அறைக்கு வெளியே வெகுநேரம் நின்றுவிட்டுத்தான் உள்ளே போனேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர், "உம்மட வேலையும் போகலாம். யோசிச்சுத்தான் சொல்லுறீரோ?" என்றார்.

"ஓம், சேர்."

அறிக்கையில் மேடு இருந்த இடத்தில் சைக்கிளைப் பற்றி எழுதி அனுப்பினோம். நிதி நீடிக்கப்படவில்லை. எனக்குக் கொஞ்ச நாள் அழுகைதான். இப்போது ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன்.

நிதி நின்றபின் கருவியைக் கழற்றிக்கொண்டுவரப் போனபோது, சைக்கிளைக் கண்ட நாளுக்குப் பிந்திய கடைசி மாதப் பதிவைத் திறந்து பார்த்தேன். மேடு இல்லை, கோடு சுத்தமாக ஓடியிருந்தது. அக்கா வராமல் விட்டிருக்கிறார் என்று நினைத்தபடி நிமிர்ந்தால், தூரத்தில் பூவரச மரத்தடியில் சைக்கிளை விட்டுவிட்டு அவர் வெயிலில் நடந்து வந்துகொண்டிருந்தார். இன்றைக்கும், என் மனதுக்குப் பிடித்த மாதிரி ஏதாவது விடை வந்தால், சைக்கிள் எங்கே நிற்கிறது என்றுதான் முதலில் தேடுகிறேன்.