கை கழுவும் நேரம்

எங்கள் டாக்டரம்மாவுக்கு ஒரு பழக்கம். மனதைப் பிசையும் நோயாளி யாரையாவது பார்த்துவிட்டால், உடனே அடுத்தவரைக் கூப்பிடமாட்டார். வராந்தாவின் கடைசியில் இருக்கும் குழாய்க்குப் போய், நிதானமாகச் சோப்புப் போட்டு, நகக்கண் வரை கை கழுவுவார். அந்தக் கொஞ்ச நேரம் யாரும் அவரைத் தொந்தரவு செய்யக் கூடாது. செய்தால் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். தலைமை நர்ஸ் என்று நான் பின்னே எதற்கு இருக்கிறேன்?

போன வருடம் ஒரு குழந்தையைக் காப்பாற்ற முடியாமல் போனது. அதன்பிறகு மனுஷி சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குத் திருப்பிக்கொண்டு போவார். பெற்ற மகளிடமே எரிந்து விழுவதாகச் சொல்லி என்னிடம் அழுதார். வேலையையே விட்டுவிடுவதாக இருந்தார். இந்தக் குழாய்த் தண்ணீர்தான் அவரை நிறுத்தி வைத்தது.

அதற்கும் வந்தது வினை. நிமோனியாவில் படுத்திருந்த ஓர் அம்மாளின் கணவர், வரவேற்பில் இருக்கும் மகராசியிடம் போய், "என் சம்சாரத்தப் பாக்குற டாக்டர் என்னம்மா சொல்றாங்க?" என்று கேட்டிருக்கிறார். அவளும் போனைக் காதில் வைத்தபடி, "டாக்டர் கை கழுவிட்டாங்க, உக்காருங்க" என்றாளாம்.

பெரியவர் அப்படியே தரையில் சரிந்தார். "கை கழுவிட்டாங்களா? ஐயோ, நான் என்ன பண்ணுவேன்!"

டாக்டரம்மா ஈரக் கையோடு ஓடி வந்தார். "ஐயா, அவங்களுக்குக் காய்ச்சல் இறங்கிட்டு வருது. நான் நெசமாவே கையத்தான் கழுவினேன். வேணும்னா மோந்து பாருங்க!"

அவர் மோந்தும் பார்த்தார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "பாவம், மனுஷன் துடிச்சுப்போயிட்டார். இந்தக் குழாய் வேலையே இனி வேணாம் சிஸ்டர்" என்றார். அறையிலேயே கிருமிநாசினியைத் தேய்த்துக்கொண்டு, மூச்சு விடாமல் அடுத்தவரைக் கூப்பிட ஆரம்பித்தார். சாப்பாட்டு டப்பா மறுபடி திறக்காமலே போனது. "போய்க் கழுவுங்க டாக்டர்" என்று சண்டைகூடப் போட்டுப் பார்த்தேன். ம்ஹூம்.

அந்த அம்மாள் குணமாகி வீட்டுக்குக் கிளம்பிய அன்று, பெரியவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு டாக்டரம்மா முன்னால் வந்து நின்றார்.

"நாங்க கிளம்புறோம் டாக்டர். இனிமே எங்கள நீங்க தாராளமா கை கழுவிக்கலாம்!"

டாக்டரம்மா ஒரு கணம் விழித்தார். பிறகு கண்ணில் நீர் வரச் சிரித்தார். அவர்கள் போனதும் எழுந்து வராந்தாவில் நடந்தார்.

"சிஸ்டர், ஒரு அஞ்சு நிமிஷம்."

"பத்தா எடுத்துக்குங்க" என்று, வேறு யாரும் அந்தப் பக்கம் போகாதபடி வழியை மறித்து நின்றுகொண்டேன். அன்று டப்பா காலியாகத்தான் வீட்டுக்குப் போனது.