மேட்டு வீட்டு மீட்டர்

இது அப்படியே நடந்த கதை. கிணற்றடித் தெருவில் யாரை நிறுத்திக் கேட்டாலும் "ஆமா" என்று தலையாட்டுவார்கள். சரி, இரண்டு மூன்று இடத்தில் கொஞ்சம் ஊதியிருக்கிறது. ஊதாமல் விற்றால் பலூனை யார் வாங்குவார்கள்? எது ரப்பர், எது காற்று என்பதைப் படித்து முடித்தபின் நீங்களே பிரித்துக்கொள்ளுங்கள்.

ஞானசிகாமணி அண்ணாச்சி அப்போதெல்லாம் அண்டாவுக்குள் நின்றுதான் குளிப்பார். ஒரு கல்யாணத்துக்கே பிரியாணி கிண்டலாம், அவ்வளவு பெரிய அண்டா. தலையில் ஊற்றுகிற தண்ணீரில் ஒரு சொட்டும் தரைக்குப் போகாது. அவர் குளித்து முடித்ததும் அதே தண்ணீரில் ஸ்கூட்டர் குளிக்கும். ஸ்கூட்டருக்கு அடியில் தாம்பாளம் வைத்து அதையும் பிடித்துக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றுவார். அந்த இலையைக் கிள்ளிப் போட்டால் ரசத்தில் நுரை கட்டுகிறது, சாப்பிட்டவர்களுக்கு லேசாகப் பெட்ரோல் ஏப்பம் வருகிறது என்று பக்கத்து வீட்டு உமாதேவி சொல்வாள்.

போடி பஜாரில் அவருக்கு எவர்சில்வர் பாத்திரக் கடை. குடம் வாங்க வருகிறவரிடம் விலை சொல்ல மாட்டார். முதலில் குடத்தை விரல் முட்டியால் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்பார். "கேட்டீகளா? ஓட்டை இருந்தா இப்படிப் பேசாது" என்பார். அப்புறம் அந்தக் குடத்துத் தண்ணீரை எப்படி எப்படிச் செலவு செய்ய வேண்டும் என்று பாடம் எடுப்பார். பாடம் முடிவதற்குள் பாதிப் பேர் பிளாஸ்டிக் குடம் வாங்கிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்திருப்பார்கள். கடைக்கு வந்தவர் குடிக்கத் தண்ணீர் கேட்டுவிட்டுப் பாதி டம்ளர் மிச்சம் வைத்தால் முடிந்தது கதை. வந்தவர் வீட்டுப் பேரப்பிள்ளைக்குப் பெண் பார்க்கும்போதுகூட, "அந்தக் குடும்பமா? தண்ணிய மிச்சம் வைக்கிற குடும்பமாச்சே" என்று கலைத்துவிடக்கூடிய ஆள் அண்ணாச்சி.

தண்ணீரை அவர் மரியாதை இல்லாமல் பேசியதே கிடையாது. "தண்ணி வந்துட்டாகளா?" என்பார். "இன்னைக்குக் கொஞ்சம் கலங்கலா வந்திருக்காக" என்பார். கட்டின மனைவி ஜெபராணிக்கு "ஏய்"; குழாய்த் தண்ணீருக்கு "அவுக". ஒருநாள் ஜெபராணி கேட்டேவிட்டாள்.

"என்னங்க, தண்ணிக்குக் குடுக்கிற மரியாதையில கால்வாசி எனக்குக் குடுத்தா என்ன?"

"நீயும் அவுக மாதிரி ஒருநாள் விட்டு ஒருநாள் வா, குடுக்கேன்."

ஜெபராணிக்கு இரண்டு மணிக்கட்டும் வீங்கிக் கிடந்தன. அண்ணாச்சிக்குத் தினமும் வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி வேண்டும். பாத்திரப் பாலிஷ் கறுப்பு அதில் அப்பியிருக்கும். அதைக் கல்லில் கசக்கிக் கசக்கியே அவள் கை தேய்ந்தது. கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகள் இவாஞ்சலின் இதைப் பார்த்துவிட்டுக் கிறிஸ்துமஸுக்கு ஒரு வாஷிங் மெஷின் வாங்கி அனுப்பினாள். லாரியிலிருந்து பெட்டி இறங்கியது. வீட்டுக்குள் போனது. அதோடு சரி. பிரிக்கவில்லை.

"அது ஒரு மடக்குக் குடிச்சா முல்லையாறே வத்திப் போகும். கம்பத்துலருந்து விவசாயியெல்லாம் ஏர்க்கலப்பையத் தூக்கிட்டு என்னைய அடிக்க வருவான்" என்று அண்ணாச்சி பெட்டியின் மேல் ஒரு பூத்துணியை விரித்து, வேதாகமத்தையும் மேஜை விசிறியையும் அதன்மேல் வைத்துவிட்டார். வேதாகமம் இருக்கிற பெட்டியை யார் பிரிப்பார்கள்? ஜெபராணி தினமும் அதன் முன்னால் முழங்கால் போட்டு ஜெபித்தாள். அவள் கும்பிட்டது மேலே இருந்ததையா, உள்ளே இருந்ததையா என்று கேட்கக்கூடாது.

அப்போதுதான் ஊருக்குள் மீட்டர் பேச்சு வந்தது. அதுவரை எல்லா வீட்டுக்கும் ஒரே தண்ணீர் வரி. ஒருவர் குடித்தாலும் ஒன்பது பேர் குளித்தாலும் ஒரே தொகை. விருப்பப்பட்டவர்கள் மீட்டர் வைத்துக்கொண்டு ஓடின அளவுக்கு மட்டும் கட்டலாம் என்றார்கள். அண்ணாச்சிக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. கல்யாணம் நிச்சயமானபோதுகூட நன்றாகத் தூங்கிய மனிதர். தெருவிலேயே முதல் மீட்டர் அவருடைய மேட்டு வீட்டில்தான் ஏறியது. வேடிக்கை பார்க்கத் தெரு கூடியது. உமாதேவியின் புருஷன் கர்ணன், காமயகவுண்டன்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டம் வைத்திருப்பவன், முன்வரிசையில் நின்றான்.

"இனிமே நான் குடிச்ச தண்ணிக்குத்தான் நான் காசு குடுப்பேன். கர்ணன் வீட்டு எருமை குடிச்சதுக்கு நான் ஏன் குடுக்கணும்?" என்றார் அண்ணாச்சி.

"எருமைய வித்து வருசமாச்சு அண்ணாச்சி."

"வித்தா? குடிச்சது குடிச்சதுதான?"

ஜெபராணி வாசலில் நின்றபடி, "மீட்டரு வச்சுப் பில்லு கூடிப்போச்சுன்னா?" என்று கேட்டாள்.

"கூடுமா? கர்ணன் கட்டுற வரிய விட ஒத்த ரூவா கூடட்டும், அந்தப் பொட்டிய நானே பிரிச்சு மெசின மாட்டித் தாரேன். கொறஞ்சுச்சுன்னு வையி, பொட்டியோட கடைக்குத் தூக்கிட்டுப் போயி வித்துருவேன். தெருவே சாட்சி!"

தெரு கைதட்டியது. ஜெபராணி மணிக்கட்டைத் தடவிக்கொண்டு உள்ளே போனாள்.

அன்று முதல் மீட்டருக்கு ராஜ மரியாதை. வெயில் படாமல் ஒரு குடை. முள் அசைவதைப் பார்க்க ஒரு பூதக்கண்ணாடி. கடையிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் பக்கத்தில் போவார். அண்டாக் குளியல் சொம்புக் குளியலாகச் சுருங்கியது. உறவுக்காரர்கள் வந்தால், "ஒங்க வீட்ல கை கழுவிட்டுத்தான வந்தீக?" என்று வாசலிலேயே விசாரணை நடக்கும்.

எல்லாம் மாறியது, ஒரு பழக்கத்தைத் தவிர. எங்கள் பக்கத்தில் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள், விடியுமுன்னே வரும். எத்தனை மணிக்கு என்பது திறந்துவிடுகிறவருக்கே தெரியாது. அதனால் அண்ணாச்சி முந்தின நாள் சாயங்காலமே குழாயைத் திறந்து, அடியில் ஒரு காலி எவர்சில்வர் குடத்தை வைத்துவிடுவார். தண்ணீர் வந்து குடத்தில் விழுந்தால் "டங்" என்று கோயில் மணி மாதிரி அடிக்கும். அந்தச் சத்தத்துக்குத்தான் தெரு மொத்தமும் எழுந்து, அவரவர் குழாயைத் திறக்கும். அண்ணாச்சி வீட்டுக் குடம் இருக்கும்போது அலாரத்துக்கு யார் சாவி கொடுப்பார்கள்?

ஒரு விடியலில் ஜெபராணி ஜெபத்துக்குச் சீக்கிரம் எழுந்துவிட்டாள். வெளியே வந்தால் குழாயில் "உஸ்ஸ்ஸ்" என்று சத்தம். பாம்பென்று நினைத்து, வாசல் பெருக்குகிற வாரியலை எடுத்துக்கொண்டு கிட்டே போனாள். பாம்பு இல்லை. குழாய் வாயில் கையை வைத்தால் காற்று. சும்மா காற்று இல்லை, முந்தானை பறக்கிறது. ஆடி மாதத்துத் தேனிக் காற்று அந்தக் குழாய்க்குள் ஒளிந்திருந்தது போல அடிக்கிறது. குடத்தில் ஒரு சொட்டு இல்லை. ஆனால் மீட்டர் முள்? வீரபாண்டித் திருவிழா ராட்டினம் மாதிரி சுற்றிக்கொண்டிருந்தது.

அவளுக்கு விளங்க அதிக நேரம் ஆகவில்லை. தண்ணீர் வராத நேரமெல்லாம் குழாய் நிறையக் காற்று. தண்ணீர் வரும்போது அதை முன்னால் தள்ளிக்கொண்டு வருகிறது. தெருவில் மற்ற எல்லாக் குழாயும் மூடிக் கிடக்கிறது. மேட்டு வீட்டுக் குழாய் ஒன்றுதான் ஆவென்று வாயைத் திறந்திருக்கிறது. தெருவின் காற்று முழுவதும் அண்ணாச்சி மீட்டர் வழியாகத்தான் ஊரைவிட்டு வெளியேறுகிறது.

"என்னங்க" என்று கூப்பிட வாயைத் திறந்தாள். மணிக்கட்டைப் பார்த்தாள். ஜன்னல் வழியாக உள்ளே இருந்த பெட்டியைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள். குழாயை இன்னும் இரண்டு சுற்றுத் திறந்துவிட்டு, "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று முழங்கால் போடப் போனாள்.

பில் வந்தது. அண்ணாச்சி அதை நேராகப் படித்தார், தலைகீழாகப் படித்தார், பூதக்கண்ணாடி வைத்தும் படித்தார். கர்ணன் கட்டிய வரியைப் போல இரண்டு மடங்கு. காக்கா வந்து குடிக்கிறது என்றார். தரைக்குள் ஓட்டை என்று வாசலைத் தோண்டினார். பக்கத்தில் பொட்டிப்புரம் மலைக்குள் சுரங்கம் தோண்டப் போவதாகப் பேச்சு இருந்ததே, அதற்கு இவரை மேஸ்திரியாகக் கூப்பிட்டிருக்கலாம், அவ்வளவு ஆழம். ஓட்டை அகப்படவில்லை.

"தெருவே சாட்சின்னீக" என்றாள் ஜெபராணி, தரையைப் பார்த்துக்கொண்டே.

பேச்சு மாறாத மனிதர். வேதாகமத்தை எடுத்து அலமாரியில் வைத்தார். பெட்டியைப் பிரித்தார். மெஷின் முதல் தடவை ஓடியபோது முக்காலி போட்டு எதிரே உட்கார்ந்து, ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலமே ஜெபராணி குழாயை இறுக்க மூடினாள். "குடம் வைக்க வேணாங்க. நான் செல்லுல அலாரம் வச்சு எந்திரிச்சுக்கிறேன்" என்றாள். மெஷினைப் பெட்டிக்குள் திருப்பி அனுப்பும்படி இன்னொரு பில் வந்துவிடக்கூடாது என்கிற கவலை அவளுக்கு.

அடுத்த பில் பாதிக்கும் பாதி. அண்ணாச்சிக்கு ஞானம் பிறந்துவிட்டது. கடையில் குடம் தட்டுவதைக்கூட நிறுத்திவிட்டு, மெஷின் பிரசங்கம் தொடங்கினார். முதலில் மயங்கியவன் கர்ணன். மீட்டர் வைத்துவிட்டான். மெஷினுக்கு மட்டும், "பாப்போம்" என்று உமாதேவியிடம் சொல்லி வைத்தான். விடியலில் அண்ணாச்சி வீட்டுக் குடம் அடிப்பது நின்றுபோனதால் அவன்தான் இப்போது முந்தின சாயங்காலமே குழாயைத் திறந்து குடம் வைக்கிறான்.

போன ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து அண்ணாச்சி, வீட்டுக்கு எதிரே ஒச்சாண்டியின் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் தெரு ஆட்கள்.

"நடந்ததச் சொல்றேன், கேட்டுக்கங்க. மெசினு மாட்டுறதுக்கு முன்னால மீட்டரு பேய் புடிச்சு ஓடுச்சு. மாட்டுனப்புறம் அடங்கிருச்சு. அப்பத் தண்ணிய மிச்சம் புடிக்கிறது எது?"

"மெசினுக்குள்ள என்ன, தண்ணி ஊத்தா எடுக்குது?" என்றான் ஒச்சாண்டி, டீயை ஆற்றிக்கொண்டே.

"ஏலே, ஒரு வாளி உள்ள போனா ஒன்றரை வாளி வெளிய வருது. எங் கண்ணால பாத்தேன்."

பெஞ்சில் பாதிப் பேர் நம்பிவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து, கையில் பில்லோடு வந்து சேர்ந்தான் கர்ணன்.

"அண்ணாச்சி, ஒங்க பேச்சக் கேட்டு மீட்டரு வச்சேன். இங்கன பாருங்க, வரியப் போல ரெண்டு பங்கு! நான் என்ன வைகை அணையவா குடிச்சேன்?"

"கையில தொவச்சா அப்படித்தான் கூடும். மெசினு வாங்கு."

"மெசினுக்கு நீங்களா காசு குடுப்பீக?"

"நீ எருமை வித்த காசு எங்க?"

"எருமையப் பேசாதீக அண்ணாச்சி!"

ஒச்சாண்டி சிரித்தான். "எனக்கு மீட்டரும் கெடையாது, மெசினும் கெடையாது. அதே வரிதான். இந்தத் தெருவுல நான் ஒருத்தன்தான் புத்திசாலி."

"நீ டம்ளரக் கழுவுனாத்தானலே தண்ணி செலவாகும்!" என்றான் கர்ணன்.

"என்னது? அப்ப இம்புட்டு நாளும் கழுவாத டம்ளர்லதான் ஓசிக்குக் குடிச்சியா?"

ஒச்சாண்டி வடிகட்டியோடு வெளியே பாய்ந்தான். மீட்டர்தான் லாபம் என்று ஒரு கட்சி, வரிதான் லாபம் என்று ஒரு கட்சி, டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு ஒரு கட்சி. பெஞ்சு கவிழ்ந்தது. அண்ணாச்சியின் வெள்ளைச் சட்டை முழுக்க டீ. "தொவைக்கலாம், தொவைக்கலாம், மெசினு இருக்கு!" என்று அவர் நடுவிலிருந்து கத்தினார்.

உமாதேவி துவைக்கும் கல்லிலிருந்து சோப்புக் கையோடு மதில் ஓரம் ஓடி வந்தாள். விரல் நுனியெல்லாம் ஊறிச் சுருங்கியிருந்தது. இந்தப் பக்கம் ஜெபராணி காய்ந்த வேட்டியை மடித்துக்கொண்டிருந்தாள்.

"யக்கா, மெய்யாலுமே மெசினாலதான் பில்லு கொறஞ்சுச்சா? எங்க வீட்டு அவுக நம்பிட்டா அடுத்த மாசமே வாங்கிருவாக போல. நான் என்ன செய்யணும்?"

ஜெபராணி தெருவைப் பார்த்தாள். எல்லோரும் சட்டையைப் பிடிப்பதில் மும்முரமாக இருந்தார்கள். வேட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு விரலை உதட்டில் வைத்தாள். மற்றக் கையால் காற்றில் இல்லாத ஒரு குழாயைப் பிடித்து, இடப்பக்கமாக, நிதானமாக, இரண்டு சுற்றுத் திறந்து காட்டினாள்.