பேர் சொல்லாமல் கூப்பிட்டவர்

இது நடந்தது. சூசைதாசன் பொய் சொல்லத் தெரியாத ஆள் என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். சீட்டு விளையாடும்போது அவர் விடுகிற புளுகு ஓகூஸ் நகரம் முழுக்கப் பிரசித்தம். ஆனால் இதைச் சொல்லத் தொடங்கினால் மனிதருக்கு முகம் செத்துப்போகும். அப்படி ஒரு முகத்தை வைத்துக்கொண்டு யாராலும் புளுக முடியாது.

1988 நவம்பர். சூசைதாசன் டென்மார்க் வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஆஸ்பத்திரி உடுப்புகள் தோய்க்கும் இடத்தில் வேலை. மனைவி அருள்நாயகியைக் கூப்பிட விண்ணப்பம் போட்டு ஒரு வருடத்துக்கு மேல். பதில் இல்லை. அவருக்கு மட்டுமல்ல, தமிழர் ஒருவருக்குமே இல்லை. கொப்பன்ஹேகனில் அந்த விண்ணப்பங்களை வேண்டுமென்றே தூங்கப் போட்டிருந்தார்கள் என்பது, பின்னாளில் நாடே ‘தமிழர் வழக்கு’ என்று பேசியபோதுதான் வெளியே வந்தது. அப்போது தெரிந்ததெல்லாம் தபால்காரன் வருவான், போவான் என்பதுதான். அவள் ஊரில், இளவாலையில், வெடிச்சத்தத்துக்கு நடுவில் தனியாக. இவர் இங்கே நாலாம் மாடி அறையில் தனியாக. ஞாயிற்றுக்கிழமைகளில் இவர் வாயே திறப்பதில்லை. திறந்து யாரோடு கதைப்பது?

நவம்பர் இரண்டு, சகல ஆன்மாக்கள் தினம். ஊரில் என்றால் சேமக்காலையில் கல்லறைக்குக் கல்லறை மெழுகுதிரி எரியும். நினைக்க ஆளில்லாத கல்லறை ஒன்றில் திரி கொளுத்தி ஒரு காரியம் கேட்டால், அந்த ஆன்மா நன்றி மறக்காது என்பார்கள் அவருடைய ஆட்கள். ஒரேயொரு கட்டுப்பாடு. உயிரோடு இருக்கிறவரின் பேரைக் கல்லறையில் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. சொன்னால் அது அவர் காதில் விழும்; பதில் குரல் கொடுத்தாரோ, ஆள் மிஞ்சாது.

வேலை முடிந்து நகரத்துச் சேமக்காலைக்குப் போனார். மாலை ஐந்து மணிதான். அந்த நாட்டில் அந்த மாதம் ஐந்து மணிக்கே கும்மிருட்டு. ஒரு மூலையில், உலகப் போரில் விழுந்த பிரித்தானிய விமானப் படைக்காரரின் வெள்ளைக் கற்கள். துப்புரவாகத்தான் இருந்தன. ஆனால் ஒன்றிலும் வெளிச்சமில்லை. கடைசிக் கல்லுக்கு முன்னால் நின்றார். கறெத் எல்லிஸ், வயது இருபத்தொன்று. அடியில் கபெல் கெலின் என்று ஓர் ஊர்ப் பேர்.

திரியைக் கொளுத்தினார்.

“தம்பி, உனக்கும் ஆளில்லை, எனக்கும் ஆளில்லை. கடலுக்கு அங்காலை ஒருத்தி காத்துக்கொண்டிருக்கிறாள். அவளை இஞ்சை கூட்டிக்கொண்டு வா.”

பேர் சொல்லவில்லை. கட்டுப்பாட்டைக் காப்பாற்றிவிட்ட திருப்தி மனிதருக்கு. பாவம்.

காற்றே இல்லை. சுடர் படுத்தது... மறுபடி எழும்பியது.

பின்னால் ஒரு சத்தம். சொட்டு... சொட்டு...

திரும்பினார். ஒரு கிழவி. கறுப்பு உடுப்பு, கறுப்புத் தொப்பி. தலை முதல் கால் வரை தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. அன்று முழுக்க மழையே பெய்யவில்லை. அவள் இவரைக் கடந்து போய்க் குந்தினாள். கல்லை உள்ளங்கையால் மேலிருந்து கீழே துடைத்தாள், பிள்ளைக்கு முகம் கழுவுகிற மாதிரி. பிறகு இவரைப் பார்த்தாள்.

“அட்ரெ” என்றாள்.

டெனிஷ் இல்லை. இங்கிலிசும் இல்லை. யாரோ மூளை பிசகிய மனுசி என்று நினைத்துக்கொண்டு, விறுவிறென்று நடந்து போய் பஸ் ஏறினார். பஸ் நகர்ந்தபின் காலில் ஏதோ குளிர்ந்தது. குனிந்து பார்த்தார். தரையில் ஒரு நீர்க்கோடு. பின்சீட்டிலிருந்து அவருடைய சப்பாத்துவரை வந்திருந்தது.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து அறையில் அந்தச் சொட்டு. குழாயை இறுக்கிப் பூட்டினாலும் சொட்டு. விடிய எழும்பினால் வாசல் கால்மிதி ஊறிக் கிடக்கும். குளத்துப் பாசி மணம். கதவுக்கு வெளியே மெதுவாக, கெஞ்சுகிற குரலில்... “அட்ரெ... அட்ரெ...”

வேலையிடத்தில் மெகன் என்றொரு பெண். டெனிஷ்காரனைக் கட்டி வந்த வேல்ஸ்காரி. தேத்தண்ணி நேரத்தில் அந்தச் சொல்லை அவளிடம் சும்மா கேட்டுப் பார்த்தார்.

“அது எங்கள் பாஷை! வீட்டுக்கு என்று அர்த்தம். யார் சொன்னது?”

“ஒரு கிழவி.”

“ஓகூஸில் எனக்குத் தெரிய வேல்ஸ்காரி நான் ஒருத்திதான்” என்று மெகன் சிரித்தாள்.

சூசைதாசன் சிரிக்கவில்லை. கல்லைத் துடைத்த கை ஞாபகம் வந்தது. அப்போதுதான் விளங்கியது. கடலுக்கு அப்பால் காத்திருக்கிறவளைக் கூட்டிவா என்று கேட்டார். அந்தப் பெடியன் கூட்டி வந்துவிட்டான். தன் தாயை.

கல்லிலிருந்த பேரையும் ஊரையும் மெகனிடம் சொன்னார். “என் அம்மா அந்தப் பக்கம்தான். விசாரிக்கிறேன்” என்றாள் அவள்.

அதுவரை பொறுத்திருக்கலாம். பொறுக்கவில்லை. தனிமை தின்ற மனிதனுக்குக் கட்டுப்பாடாவது மண்ணாவது. பிழையைத் திருத்திவிட்டால் அருள்நாயகி வந்துவிடுவாள் என்று பட்டது. நவம்பர் கடைசி வெள்ளி, மாலை நாலரை மணிக்குக் கல்லறைக்குப் போனார். இருட்டிவிட்டது. திரியைக் கொளுத்தினார்.

“தம்பி, பிழை என்ரை. பேர் சொல்லாமல் கேட்டுப்போட்டன். நான் கேட்டது என்ரை மனுசியை...”

சொட்டு... சொட்டு... பின்னால். கிட்ட.

“அருள்!” என்று கத்தினார்.

சொட்டுச் சத்தம் நின்றது.

“அருள்நாய...”

வாயில் ஒரு கை.

ஈரம். ஐஸ் மாதிரிக் குளிர். சேற்று மணம்.

திரி அணைந்தது.

கை எடுபடவில்லை... மூச்சு முட்டியது... எடுபடவில்லை...

விட்டது.

யாருமில்லை. ஓடினார். அதன்பிறகு அறையில் சொட்டுச் சத்தம் கேட்கவேயில்லை.

மெகனின் தாய் தொலைபேசியில் சொன்ன சங்கதி அடுத்த கிழமை வந்தது. கறெத் எல்லிஸ் ஒற்றைப் பிள்ளை. அவனுடைய கல்லறையை ஒருதரம் பார்க்கவேண்டும் என்று சொல்லிச் சொல்லியே தாய் 1951இல் செத்துப்போனாள். ஊர்க் கோயில் வளவில்தான் புதைத்தார்கள்.

“அந்த ஊர் இப்போது இல்லை” என்றாள் மெகன். லிவர்பூல் நகரத்துக்குத் தண்ணீர் வேண்டுமென்று அந்தப் பள்ளத்தாக்கை மறித்து அணை கட்டினார்கள். ஊர்ச்சனம் லிவர்பூல் தெருவில் ஊர்வலம் போனது. பாராளுமன்றத்தில் வேல்ஸ் உறுப்பினர் ஒருவர்கூட அணைக்கு ஆதரவாக வாக்குப் போடவில்லை. யார் கேட்டார்கள்? 1965இல் கோயிலும் பள்ளிக்கூடமும் வீடுகளும் தண்ணீருக்குள் போயின. சேமக்காலையில் சில உடல்களை மட்டும் தோண்டி வேறிடம் கொண்டுபோனார்கள். மிச்சக் கல்லறைகளுக்கு மேல் கொங்கிறீட் ஊற்றினார்கள்.

“அந்தத் தாயை எடுங்கள் என்று கேட்க ஆளில்லை. அவள் இப்பவும் அடியில்தான்.”

அடுத்த வருடம் விண்ணப்பங்கள் அசைந்தன. சித்திரையில் அருள்நாயகி வந்து சேர்ந்தாள். சூசைதாசன் அவளிடம் இதைப் பற்றி மூச்சுக்கூட விடவில்லை. வந்த முதல் ஞாயிறு, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவளாகச் சொன்னாள்.

“போன கார்த்திகை ஒரு வெள்ளிக்கிழமை இரவு, ஒன்பது மணியிருக்கும். நீங்கள் என்னைக் கூப்பிட்டியள். ‘அருள்’ எண்டு. உங்கடை குரலேதான். வந்திட்டியளாக்கும் எண்டு எழும்பி ஓடினனான்.”

“எங்கை ஓடினனீ?”

“கிணத்தடிக்கு. சத்தம் கிணத்துக்குள்ளை இருந்தெல்லே வந்தது. கட்டுக்கு மேலை ஒரு காலைத் தூக்கி வைச்சிட்டன்.”

சூசைதாசனின் கை சோற்றில் நின்றது.

“பிறகு?”

“‘ஓம், வாறன்’ எண்டு சொல்ல வாயைத் திறந்தன். பின்னாலை இருந்து ஒரு கிழவிக் கை வந்து என்ரை வாயைப் பொத்தினது. என்ன குளிர்... நீங்கள் கூப்பிடுறதை நிப்பாட்டும் மட்டும் விடேல்லை.”