நான் குடிக்காத கோப்பி

ஒஸ்லோவில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தின் ஊழியர் அறையில், கழுவுதொட்டிக்கு மேலே ஒரு நீளப் பலகை இருக்கிறது. பலகை நிறையக் கொளுக்கிகள். ஒவ்வொரு கொளுக்கியிலும் ஒருவரின் கோப்பை தொங்கும். ஒன்றில் பூனைப் படம், ஒன்றில் பேரப்பிள்ளையின் முகம், ஒன்றில் வெறும் பெயர். குடித்தவர் தன் கோப்பையைத் தானே கழுவித் தன் கொளுக்கியிலேயே மாட்டிவிட்டுப் போகவேண்டும். இதை எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் கைக்கு எட்டிய கோப்பையை எடுத்து, தெர்மோசில் இருந்த கறுப்புக் கோப்பியை ஊற்றி வாயில் வைத்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து இங்கிரிட் என்ற சக ஊழியர் உள்ளே வந்தார். ‘அது என்னுடையது’ என்றார். சிரிக்கவில்லை. நான் பதறிப்போய்க் கழுவிக் கொடுத்தேன். அவர் அதை வாங்கி இன்னொரு தரம் கழுவினார்.

அவ்வளவுதான் நடந்தது. நான் கழிவறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன். என் கறுத்த வாய் பட்டதால்தான் அவர் இரண்டாம் தரம் கழுவினார் என்று சத்தியமாக நம்பினேன். அடுத்த கிழமை அதே இங்கிரிட் ஒரு சின்னப் பெட்டியை என் கையில் தந்தார். உள்ளே என் பெயர் எழுதிய கோப்பை இருந்தது. பலகையில் எனக்கென்று ஒரு புதுக் கொளுக்கியும் தானே பூட்டிவிட்டிருந்தார். இந்த நாட்டில் ஆளுக்கொரு கோப்பை என்பது ஆளுக்கொரு சீப்பு மாதிரி, அதற்குள் வேறு கதை எதுவும் இல்லை என்று அன்றைக்குத்தான் விளங்கியது. ஆனாலும் அந்தக் கழிவறை அழுகை எனக்கு மறக்கவில்லை. அது மறக்காத நான்தான் போன ஆவணியில் திருகோணமலைக்குப் போய் ஒரு வேலையைச் செய்துவிட்டு வந்தேன். எழுதவே கூசுகிறது. ஆனால் எழுதாமலும் இருக்க ஏலாது.

கோப்பி விஷயத்தில் நான் கொஞ்சம் தலைக்கனம் பிடித்தவள் என்பதை முதலில் ஒத்துக்கொள்கிறேன். கொட்டையைக் கையால் அரைத்து, தராசில் நிறுத்து, கடதாசி வடியில் போட்டு, கொதிநீரை மெல்லச் சுற்றி ஊற்றி, தேன் நிறத்தில் இறங்குகிற கோப்பியைச் சீனி போடாமல் குடிப்பேன். வீட்டுக்கு வருகிற தமிழ் ஆட்களுக்கு அதைப் பற்றி வகுப்பே எடுப்பேன். அவர்கள் ஒரு மிடறு குடித்துவிட்டு, கொஞ்சம் பால் இருக்கோ என்று கேட்பார்கள். ஊரில் எங்கள் கோப்பி இது இல்லை. அங்கே கொட்டையைக் கருக வறுத்து, மல்லியும் வேர்க்கொம்பு என்கிற சுக்கும் சேர்த்து உரலில் இடித்து, அரித்து, போத்தலில் இறுக்கி வைப்பார்கள். கொதிநீரில் போட்டால் மண்டி அடியில் இறங்கும்வரை காத்திருக்கவேண்டும். சளி தடிமனுக்கும் அதுதான், செத்தவீட்டுக்கும் அதுதான், பெண் பார்க்க வருகிறவர்களுக்கும் அதுதான்.

என் மகன் நிலவன் ஒஸ்லோவிலேயே பிறந்தவன். படிக்க வந்த தர்சினி என்ற பிள்ளையை அவனுக்குப் பிடித்துவிட்டது. எனக்கும் பிடித்துவிட்டது. விசாரித்தால் அவள் எங்கள் திருகோணமலைப் பிள்ளை. என்னடா இது, பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று நான் துள்ளாத குறை. ஊரிலிருக்கும் தம்பிக்கு அன்றே தொலைபேசி எடுத்தேன். அவன் இரண்டு நாள் கழித்துத் திருப்பி எடுத்து, விசாரித்ததாகவும், ஆட்கள் அவ்வளவு சரியில்லை என்றும் இழுத்தான். எதில் சரியில்லை என்று எனக்குத் தெரியாதா? தெரியும். சாதியில். நான் அவனைப் பிடி பிடியென்று பிடித்தேன். உலகம் எங்கேயோ போய்விட்டது, நீ இன்னும் அங்கேயே குந்தியிருக்கிறாய் என்று ஏசினேன். போனை வைத்தபோது எனக்கே என்னை நினைத்துப் பெருமையாக இருந்தது.

மகனுக்கு லீவு கிடைக்கவில்லை. கணவர் இல்லாத வீடு. தாய்தான் போய் முறையாகக் கேட்கவேண்டும். வெளிக்கிடுவதற்கு முதல்நாள் தர்சினி வந்தாள். அம்மா உங்களுக்காகப் புதுசாய்க் கோப்பி இடிக்கிறா அன்ரி, வீடே மணக்குதாம் என்றாள். அவ்வளவு சந்தோசம் அந்தப் பிள்ளையின் முகத்தில்.

தர்சினியின் வீடு துறைமுகத்துக்குப் போகிற ஒரு ஒழுங்கையில் இருக்கிறது. தகப்பனார் துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டி ஓய்வு பெற்றவர். நானும் தம்பியும் போனபோது பின்னேரம் நாலு மணி இருக்கும். வாசல் படலையடியில், அந்த ஊர்த் தெருக்களில் மாடு மாதிரித் திரிகிற மான்களில் ஒன்று நின்று வாழைப்பழத் தோல் தின்றுகொண்டிருந்தது. தகப்பனார் அதை ஒரு சத்தம் போட்டு விரட்டிவிட்டு, வாங்கோ வாங்கோ என்று எங்களைக் கூட்டிப்போய் இருத்தினார். கதிரைகளுக்குப் புதுத் துணி போட்டிருந்தார்கள். நோர்வேக் குளிரைப் பற்றிக் கதைத்தோம். மகள் படிப்பில் எப்படிக் கெட்டிக்காரி என்று அவர் சொன்னார். பிறகு தாயார் தட்டத்தோடு வந்தார். பொன் கரை வைத்த கோப்பைகள், அலுமாரியிலிருந்து அன்றைக்கென்று இறக்கியவை. மல்லி மணமும் வேர்க்கொம்பு மணமும் எனக்கு முன்னால் வந்து நின்றன.

தம்பி ஒன்றை எடுத்தான். தட்டம் என் பக்கம் திரும்பியது. அப்போது என் வாய் எனக்கு முந்திக்கொண்டது.

“எனக்கு வேண்டாம். மூண்டு மணிக்குப் பிறகு நான் கோப்பி குடிக்கிறேல்லை, நித்திரை வராது. ஒரு சோடா இருந்தால் காணும்.”

ஒஸ்லோவில் இப்படி ஒருவர் சொன்னால், அப்படியா என்று கேட்டுவிட்டு அடுத்த கதைக்குப் போவார்கள். அங்கே தாயாரின் கை தட்டத்தோடு அப்படியே நின்றது. தம்பி நிலைமையைச் சமாளிக்கிறேன் என்று நினைத்துப் பகிடியாக வாயைத் திறந்தான்.

“என்னக்கா, நேற்று இந்த நேரம் எங்கட வீட்டில ரெண்டு தரம் குடிச்சனீங்களெல்லே.”

அவன் சொன்னது உண்மை. குடித்தேன். இரண்டாவதை நானே கேட்டு வாங்கிக் குடித்தேன். யாரும் சிரிக்கவில்லை. தாயார் தட்டத்தைத் திருப்பி உள்ளே கொண்டு போனார். தகப்பனார் எழும்பி, செருப்பைப் போட்டுக்கொண்டு சைக்கிளில் ஏறிக் கடைக்குப் போனார். இல்லை வேண்டாம், இருங்கோ என்று நான் சொன்னது அவருக்குக் கேட்டிருக்கும். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளே, குசினியில், கோப்பியைத் தொட்டிக்குள் ஊற்றிவிடுகிற சத்தம் கேட்டது.

அவர் வேர்த்து ஒழுகத் திரும்பி வந்தார். எனக்கு முன்னால் இருந்த முக்காலியில் சோடாப் போத்தலை வைத்தார். பக்கத்தில் மூடி திறக்கிற சாமானை வைத்தார். கிளாஸ் வைக்கவில்லை.

“மூடி திறக்கேல்லை,” என்றார். “நீங்களே திறவுங்கோ.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சோடா என்பது எங்கிருந்து என் வாய்க்கு வந்தது என்று தெரிந்துவிட்டது. என் அப்பா நல்ல மனிதர் என்று பெயர் எடுத்தவர். தேர்தலுக்கும் செத்தவீட்டுக்கும் எல்லாச் சாதி ஆட்கள் வீட்டுக்கும் போவார், கதிரை போட்டால் இருப்பார், தோளில் கைபோட்டுக் கதைப்பார். குடிக்க என்ன வேண்டும் என்று கேட்டால் மட்டும், சில வீடுகளில், ஒரு சோடா காணும் என்பார். அதை அவர் முன்னாலேயே உடைத்து, கிளாஸ் இல்லாமல் போத்தலாகக் கொடுப்பார்கள். அவர்களின் தண்ணி, அவர்களின் ஏனம் எதுவும் படாத ஒரே சாமான் அதுதான். எல்லாருக்கும் தெரியும், எல்லாரும் சிரித்தபடி இருப்பார்கள். எங்கள் வீட்டிலோ, குசினிக்கு வெளிச் சுவரில் ஒரு தகரப் பேணி ஆணியில் தொங்கியது. தேங்காய் பறிக்க வருகிறவர், வேலி அடைக்க வருகிறவர் அதில்தான் குடிக்கவேண்டும். அம்மா எட்ட நின்று கோப்பியை ஊற்றுவா. குடித்து முடித்தவர் அதைத் தானே கழுவி ஆணியில் மாட்டிவிட்டுப் போவார். நான் அதைப் பார்த்து வளர்ந்தேன். ஒருநாளும் ஏன் என்று கேட்கவில்லை.

நான் தண்ணீர் என்று கேட்டிருக்கலாம். ஒன்றுமே வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அப்பாவின் சொல்லை அப்படியே எடுத்துவைத்திருக்கிறேன். சாதி பார்க்கிறவன் என்று நான் ஏசிய தம்பி அந்தக் கோப்பியை மண்டி வரைக்கும் குடித்துவிட்டுக் கோப்பையைக் கையில் வைத்திருந்தான். உலகம் எங்கேயோ போய்விட்டது என்று வகுப்பெடுத்த நான் போத்தலோடு இருந்தேன். வெட்கம் என்றால் அது வெட்கம்.

எனக்கும் ஒரு கோப்பி தாங்கோ என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிச்சை கேட்பது மாதிரிக் கேட்டது.

தகப்பனார் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் காலில் விழுந்திருப்பேன்.

“வேண்டாம். விருப்பமில்லாமல் ஒண்டும் குடிக்கத் தேவையில்லை,” என்றார். “பிள்ளையள் விரும்பினவை. அவை சந்தோசமாய் இருக்கட்டும். எங்களுக்கு அது காணும்.”

நான் மூடியைத் திறந்து அந்தச் சோடாவைக் குடித்தேன். வேறென்ன செய்ய? காஸ் மூக்கில் ஏறிக் கண்ணால் தண்ணீர் வந்தது. அதனால்தான் வந்தது என்று அவர்கள் நினைத்திருக்கலாம்.

அடுத்தநாள் காலமை தம்பிக்குச் சொல்லாமல் தனியாக அந்த ஒழுங்கைக்குப் போனேன். மன்னிப்புக் கேட்பது, குசினிக்குள்ளேயே போய் இருந்து ஒரு கோப்பி வாங்கிக் குடிப்பது, இதுதான் என் எண்ணம். தாயார் படலைக்கு வந்தார். முகம் கோணாமல், சுகமாய்ப் போய்ச் சேருங்கோ, மகளைப் பார்த்துக்கொள்ளுங்கோ என்றார். நான் நேற்று நடந்ததைப் பற்றித் தொடங்க, அதுக்கென்ன, அதை விடுங்கோ என்று முடித்துவிட்டார். படலையைத் திறக்கவில்லை. எங்கள் ஊரில் வெய்யிலில் வருகிற தபால்காரரைக்கூட, தண்ணி குடிக்கிறீரோ என்று கேட்காமல் அனுப்பமாட்டார்கள். அந்த மனிசி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டு, நான் இன்னொரு தரம் வேண்டாம் என்று சொல்லிவிட்டால்? அந்தப் பயத்தில்தான் கேட்கவில்லை என்று நினைக்கிறேன். துறைமுகப் பக்கம் ஒரு கப்பல் ஊதியது. நான் திரும்பி நடந்தேன்.

கலியாணம் நடக்கத்தான் போகிறது. வருகிற கோடையில், ஒஸ்லோவில், பதிவோடு. தாய் தகப்பனுக்கு விசா எடுக்கலாம் என்று மகன் சொல்ல, தகப்பனார் அந்தக் குளிர் எங்களுக்கு ஏலாது தம்பி என்றுவிட்டாராம். கோடையில் ஏது குளிர் என்று மகன் என்னைக் கேட்டான்.

நான் திரும்பி வந்த பிறகு தர்சினி முதல்தரமாக வீட்டுக்கு வந்தது போன சனிக்கிழமை. தராசையும் கடதாசி வடியையும் எடுத்து உள்ளே வைத்துவிட்டு, அதற்கு முதல் இரண்டு நாளாக அவளுக்கென்று கொட்டை வறுத்தேன். கருகியதில் தீ எச்சரிக்கை மணி அடித்து, பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்து, என்ன எரிகிறது என்று கேட்டார். கோப்பி என்றேன். அவர் நம்பவில்லை. மல்லியும் வேர்க்கொம்பும் சேர்த்து இடித்தேன். சீதனமாய்க் கொண்டுவந்து இதுவரை யாருக்கும் இறக்காத பீங்கான் கோப்பையைக் கழுவித் துடைத்து மேசையில் கவிழ்த்து வைத்தேன்.

தர்சினி வந்து இருந்தாள். மணத்தைப் பிடித்துவிட்டுச் சிரித்தாள். எங்கட வீட்டுக் கோப்பி மாதிரியே மணக்குது அன்ரி என்றாள். பிறகு பையைத் திறந்து, மூடி போட்ட தன் உருக்குக் கோப்பையை எடுத்து என் பக்கம் நீட்டினாள்.

“எனக்கு இதிலயே ஊத்துங்கோ அன்ரி.”

இந்த நாட்டில் எல்லாரும் அப்படி ஒன்றைப் பையில் கொண்டு திரிகிறார்கள். ரயிலில், பூங்காவில், வேலையில், எங்கேயும். என் மகனிடமும் ஒன்று இருக்கிறது. ஊரிலிருந்து அவளுக்கு ஏதும் சொல்லியிருக்கிறார்களா, இல்லையா? அவள் முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. கேட்கலாம். எந்த வாயால் கேட்பது? நான் ஊற்றினேன். அவள் ரசித்து, மண்டி வரைக்கும் குடித்தாள். என்னுடைய பீங்கான் கோப்பை மேசையில் கவிழ்த்தபடியே இருந்தது.

குடித்து முடித்து அவள் எழும்பியபோது, தாங்கோ பிள்ளை, நான் கழுவுறன் என்று கையை நீட்டினேன். அவள் தரவில்லை.

“வேண்டாம் அன்ரி. அவரவர் கோப்பையை அவரவர்தானே கழுவுறது,” என்று சொல்லிக்கொண்டு, தொட்டியடியில் நின்று தானே கழுவி, துடைத்து, பைக்குள் வைத்துக்கொண்டாள்.