ஏரில் பூட்டாத தம்பி

என் தம்பி நன்றாகச் சடுகுடு ஆடுவான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் வயிற்றெரிச்சலில் பேசுகிறேன் என்பார்கள். வயிற்றெரிச்சலில்தான் பேசுகிறேன். ஆனாலும் அவன் நன்றாக ஆடுவான்.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம் அது. கொல்லிமலைக்கு மோட்டார் ரோடு வரவில்லை. மிளகும் பலாவும் வாழைத்தாரும் தலைச்சுமையாகவே அடிவாரச் சந்தைக்கு இறங்கும். உப்பும் மண்ணெண்ணெயும் அதே தலையில் ஏறும். பொங்கல் நோம்பியில் எருதாட்டம் முடிந்த மறுநாள், எங்கள் வளப்பூர் நாட்டுக்கும் குண்டனி நாட்டுக்கும் சடுகுடு நடக்கும். எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. இரண்டு நாட்டுச் சனமும் பிள்ளைகுட்டிகளோடு வந்து மேடெல்லாம் நிற்கும். நடுக்கோட்டைத் தாண்டி, மூச்சு விடாமல் 'சடுகுடு' என்று முதலில் பாடிப் போகிறவன் எவனோ அவன்தான் அந்த நாட்டின் ஆட்டக்காரன். மற்றவர்கள் அவனோடு ஆடுகிறவர்கள், அவ்வளவே. எங்கள் நாட்டுக்கு அந்த முதல் பாட்டு பல வருசமாக என்னுடையது. எனக்கு வேறு சொத்து ஒன்றும் பெரிதாகக் கிடையாது.

ஒரு பொங்கலில் தம்பியையும் சேர்த்துக்கொண்டோம். மீசை அப்போதுதான் அரும்பியிருந்தது அவனுக்கு. அவன் காலைப் பிடிக்கக் குண்டனிக்காரன் ஒருவன் குனிந்தான். இவன் அவன் முதுகுக்கு மேலே தாவி, கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்து விழுந்தான். ஒரே ஒரு தாவல். அந்த ஆட்டத்தில் அவனைவிட அதிகம் பேரைத் தொட்டு வந்தவன் நான். யாருக்கு ஞாபகம் இருக்கிறது? எவனைக் கேட்டாலும் அந்தத் தாவலைத்தான் சொன்னான்.

அன்று தொடங்கியது பைத்தியம். ஊற்றடியில் தண்ணீர் மொள்ளும்போதும் சந்தைக்கு இறங்கும்போதும் தம்பி பேச்சுதான். 'கை பாத்தீங்களா, முழங்கால் வரைக்கும் தொங்குது' என்பான் ஒருவன். 'இன்னும் சதை போடல. சதை போட்டா சேலம் சில்லாவுலயே ஒருத்தன் புடிக்க முடியாதுங்க' என்பான் இன்னொருவன். அவன் தாவுகிறவனாக வளர வேண்டுமா, காலை வீசித் தொடுகிறவனாக வளர வேண்டுமா என்று இரண்டு பேர் வாய்ச்சண்டை போட்டு, சட்டையைப் பிடிக்கும் அளவுக்குப் போய்விட்டார்கள். தம்பியை மட்டும் யாரும் கேட்கவில்லை. என்னையும் கேட்கவில்லை.

பிறகு ஊர்க்கவுண்டர் கூட்டம் போட்டார். எருதாட்டத்துக்கு விடும் காளையை நாங்கள் ஏரில் பூட்ட மாட்டோம். அதன் மேல் சுமை ஏற்ற மாட்டோம். வீட்டுக்கு வீடு தவிடும் பருத்திக்கொட்டையும் கொடுத்து ஊரே அதை வளர்க்கும். தம்பியையும் அப்படியே வளர்ப்பது என்று முடிவாயிற்று. வீட்டுக்கு ஒரு படி சாமை, முறை வைத்து முட்டை, தேன், நெய். அவன் ஏரையோ மண்வெட்டியையோ தொடக் கூடாது, சுமை தூக்கவே கூடாது. ஆட்டம்தான் அவன் தொழில்.

எனக்குப் பொறுக்கவில்லை. 'ஏனுங்க, மனுசன் என்ன காளையாங்க?' என்று கேட்டேன்.

ஊர்க்கவுண்டருக்குக் கோபமே வரவில்லை. 'காளையே அப்படி வளருதுன்னா, மனுசன் எப்படி வளருவான், நெனச்சுப் பாரு கண்ணு' என்றார். எல்லாரும் ஆமாங்க ஆமாங்க என்று தலையாட்டினார்கள். அதோடு விட்டாரா? 'மொதப் பாட்டு இனிமே சின்னவனுக்கு. நீ பின்னால நின்னு வர்றவன் காலப் புடி' என்றும் சொல்லிவிட்டார்.

அவன் உழாத நிலத்தை யார் உழுதது என்று கேட்கிறீர்களா? நான்தான். அவன் சுமக்காத மிளகு மூட்டையும் என் தலையில்தான் இறங்கியது. முன்பு ஒரு நடை போன சந்தைக்கு இப்போது இரண்டு நடை. முழங்கால் நெஞ்சில் தட்டும் அந்தச் செங்குத்துத் தடத்தில் உப்பு மூட்டையோடு ஏறும்போது, நாட்டையும் கவுண்டரையும் அந்தத் தாவலையும் வாய்க்குள்ளேயே திட்டிக்கொண்டு ஏறுவேன். மூச்சு வாங்கினால் திட்ட முடியாது என்பதால் மூச்சைப் பிடித்துக்கொண்டு திட்டினேன்.

வீட்டுக்கு வந்தால் அங்கும் அதே கதை. ஒரு நாள் பசியோடு வந்து அடுப்படியில் அவித்து வைத்திருந்த முட்டையை எடுத்தேன்.

'ஏனுங்க, அத வெச்சிருங்க. அது கொழுந்தனாருக்கு' என்றாள் என் மனைவி.

'நான் உன் புருசன்டி.'

'ஆருங்க இல்லீங்கறது? முட்டை நாட்டு சனம் குடுத்ததுங்க. நான் என்ன பண்ணட்டும்?'

வைத்துவிட்டேன். என் வீட்டில், என் அடுப்பில், என் பெண்டாட்டி அவித்த முட்டை. எனக்கு ராகிக் களியும் கீரையும்.

தம்பி திமிர் பிடித்தவனாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும். பாவி, அதுவும் இல்லை. ஒரு சந்தை நாளில், 'அண்ணா, நானும் ஒரு சுமை தூக்கிட்டு வாரேன்' என்று ஒரு பலாப்பழத்தைத் தோளில் வைத்துக்கொண்டு பின்னால் வந்தான். தடம் திரும்புவதற்குள் பெண்கள் பார்த்துவிட்டார்கள். 'ஐயையோ, சாமி, எறக்கு! தோள் போயிட்டா நாடே போயிரும்!' என்று ஓடி வந்து அவன் தோளிலிருந்து பழத்தை இறக்கினார்கள். இறக்கியதை எங்கே வைத்தார்கள்? என் தலைச்சுமைக்கு மேலே. பிறகு என்னைப் பார்த்து, 'கூடப் பொறந்தவன வேல வாங்கறியே, உனக்கே நல்லா இருக்குதா?' என்று வேறு கேட்டார்கள்.

மழைக்காலம் முடிவதற்குள் தம்பிக்குக் கழுத்து பருத்துவிட்டது. கன்னம் பளபளத்தது. நாட்டுக்கு ஒரே குதூகலம். வழியில் நிறுத்தி அவன் புஜத்தை அழுத்திப் பார்ப்பார்கள், தொடையைத் தட்டிப் பார்ப்பார்கள். அவன் வெட்கத்தோடு நிற்பான். எனக்கு மட்டும் ஒன்று கண்ணில் பட்டது. ஊற்றிலிருந்து வீட்டு மேட்டுக்கு வெறுங்கையோடு ஏறி வந்தவன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். அம்மாவிடம் சொன்னேன், 'அம்மா, இவனுக்கு மூச்சு வாங்குது. என்னோட மலை எறங்கி ஏற விடுங்க, இல்லீனா ஆட்டத்துல நிக்க மாட்டான்.'

'ஏண்டா, கூடப் பொறந்தவன் மேலயே பொச்சரிப்பாடா உனக்கு?' என்றாள் அம்மா.

பொச்சரிப்புதான், பொறாமைதான். அதற்காக அவனுக்கு மூச்சு வாங்காமல் போய்விடுமா? ஆனால் அதன் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை. வாங்கட்டும் என்று இருந்துவிட்டேன்.

பொங்கல் வந்தது. எருதாட்டம் முடிந்து மறுநாள் களத்தில் கோடு கிழித்தார்கள். திண்ணனூர் நாட்டிலிருந்துகூட ஆட்கள் தம்பியைப் பார்க்க வந்திருந்தார்கள். அவன் கோட்டைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, 'சடுகுடு சடுகுடு' என்று முதல் பாட்டுப் பாடிப் போனான். மேடு முழுக்கக் கூச்சல். ஒருவனைத் தொட்டான். திரும்பினான். கோடு கைக்கெட்டும் தூரம்தான். அங்கே பாட்டு அறுந்துபோயிற்று. குண்டனிக்காரர்கள் அவனை அமுக்கக்கூட இல்லை, சும்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவன் வாயைத் திறந்து காற்றைத் தேடினான்.

பிறகு மேட்டிலிருந்து ஒருவன், 'கூச்சமுங்க, பெரிய கூட்டம் பாருங்க' என்றான். உடனே எல்லாருக்கும் உயிர் வந்தது.

அதன் பிறகு எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராக வெளியே போனார்கள். கடைசியில் களத்தில் நான் ஒருவன்தான். 'கெழவன் ஒருத்தன்தான் மிச்சம், சட்டுன்னு முடிச்சிட்டு ஊட்டுக்குப் போலாம்' என்று குண்டனிக்காரன் ஒருவன் சிரித்தான். கிழவனாம்! எனக்கு முப்பதுகூட ஆகவில்லை.

போனேன். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். என் முதல் பாட்டு எனக்குத் திரும்ப வேண்டும். இரட்டை நடையில் உப்பு மூட்டையோடு மலையேறிய மூச்சு அது, அவ்வளவு லேசில் அறுமா? ஓரத்தில் நின்ற இரண்டு பேரைத் தொட்டேன். மூன்றாமவன் காலைப் பிடித்தான். அவனை அப்படியே இழுத்துக்கொண்டு பாடியபடியே கோட்டுக்கு வந்தேன். முழங்கால் தோல் உரிந்துபோயிற்று.

எங்கள் ஆட்டத்தில், எதிராளி ஒருவன் வெளியே போனால் நம்மில் ஒருவனுக்கு உசுரு வரும். முதலில் போனவன் முதலில் உள்ளே வருவான். அதனால் தம்பி முதலில் உள்ளே வந்தான், அவன் பின்னால் இன்னும் இரண்டு பேர். மேடே அதிர்ந்தது. 'சின்னவனுக்கு உசுரு வந்திருச்சு! சின்னவன் வந்துட்டான்!' தொட்டவன் நான், தோல் உரிந்தவன் நான், கூச்சல் அவனுக்கு. எனக்கு வந்த ஆத்திரத்தில் அடுத்த பாட்டில் இன்னும் இரண்டு பேரைத் தொட்டேன். தம்பி பின்னால் நின்று காலைப் பிடித்தான், பெரும்பாலும் மூச்சைத்தான் பிடிக்கப் பார்த்தான். குண்டனிக்காரர்களில் கடைசி ஆளையும் நான்தான் தொட்டு வந்தேன். வளப்பூர் நாடு ஜெயித்தது.

சனம் மேட்டிலிருந்து இறங்கி ஓடி வந்தது. நான் மண்ணில் உட்கார்ந்திருந்தவன் எழுந்து நின்றேன். வேட்டியைக்கூடச் சரியாகக் கட்டிக்கொண்டேன். அவர்கள் என்னைத் தாண்டி ஓடினார்கள். தம்பி கோட்டோரத்தில் முகத்தை மூடிக்கொண்டு அழுதுகொண்டிருந்தான். 'அழுவாத சாமி, அழுவாத' என்று அவனைத் தூக்கினார்கள். அந்தக் கும்பலில் அம்மாவும் இருந்தாள், என் மனைவியும் இருந்தாள்.

ஊர்க்கவுண்டர் மட்டும் என் பக்கம் வந்தார். என் தோளில் கை வைத்தார். சத்தியமாகச் சொல்கிறேன், நான் நம்பிவிட்டேன். சொல்லப்போகிறார், முதல் பாட்டு இனி உனக்குத்தான் என்று சொல்லப்போகிறார்.

'பாத்தியா கண்ணு, ரெண்டு பேரும் ஒரே வயித்துல பொறந்தவங்க' என்றார். 'களி தின்னு சுமை தூக்கற உனக்கே இத்தனை தம்முன்னா, முட்டையும் தேனும் திங்கற சின்னவனுக்கு உள்ள எத்தனை இருக்கும்! இருக்குது, இன்னும் வெளிய வரல. ஊட்டுக்கு ஊடு இன்னும் ரெண்டு முட்டை சேத்துக் குடுக்கணும். அடுத்த வருசம் பாரு!'

'ஆமாங்க, அடுத்த வருசம்' என்றார்கள் சுற்றி நின்றவர்கள். தோற்ற குண்டனிக்காரன்கூட, அடுத்த வருசம் இவனை நாங்கள் எப்படிப் பிடிக்கப்போகிறோமோ என்று தம்பியைப் பார்த்துச் சொன்னான். அடுத்த வருசம் என்று ஒன்று எனக்கும் வருமே, முதல் பாட்டை எனக்குத் தந்தால் என்ன என்று அந்தக் கூட்டத்தில் ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை.