ஓசையின்றி மூடும் கை

வெர்லின் டீக் எங்கள் மலைச்சரிவுக்கு முப்பத்தொரு ஆண்டுகள் தபால் கொண்டுவந்தவர். அவருடைய பாதையில் நூற்றுப் பன்னிரண்டு பெட்டிகள். என்னுடையது அறுபத்தேழாவது. காரின் ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்கும். பெட்டிகளோ வலப்பக்கச் சாலையோரத்தில் நிற்கும். ஆகையால் அவர் வலது இருக்கையில் அமர்ந்து, இடது காலை நீட்டிப் பிரேக்கை மிதித்து, இடது கையால் ஸ்டியரிங்கைத் திருப்பி, வலது கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக் கடிதம் வைப்பார். ஓசார்க் மலைகளின் மண் சாலைகளில் ஒரு நாளைக்கு எழுபது மைல் இப்படி ஓட்டினால் ஒரு தோள் என்னவாகும் என்பதற்கு அவருடைய வலது தோளே சாட்சி.

வேலைக்குச் சேர்ந்த முதல் இரண்டு ஆண்டுகளில் அவரை மூன்று நாய்கள் கடித்தன. பெட்டியின் தகர மூடி அறையும் சத்தம்தான் நாய்களைக் கிளப்புகிறது என்பதை மூன்றாவது கடிக்குப் பின் அவர் கண்டுபிடித்தார். அன்றிலிருந்து மூடியை உள்ளங்கையால் தாங்கி, கடைசி அங்குலத்தைக் கட்டைவிரலால் தள்ளி, ஓசையே இல்லாமல் மூடினார். பழக்கம் வீட்டுக்கும் வந்தது. அவர் எப்போது வீட்டுக்குள் நுழைந்தார் என்பதே தனக்குத் தெரிவதில்லை என்றும், குளிர்சாதனப் பெட்டியைக்கூடத் தூங்கும் குழந்தையைத் தொடுவதுபோல் மூடுவார் என்றும் அவருடைய மனைவி லோயிஸ் சொல்வதுண்டு. இந்தப் பழக்கம் ஒருநாள் என் பிழைப்பைத் தொடும் என்று நான் நினைத்ததில்லை.

நான் துப்பாக்கி பழுதுபார்ப்பவள். ஹோபார்ட்டின் இரும்புக்கடையில், ஆணிப் பெட்டிகளுக்குப் பின்னால் எனக்கு ஒரு வேலை மேசை உண்டு. எவரிடமும் பயிற்சி பெறவில்லை. பழைய கையேடுகளையும், எவரும் வேண்டாமென்று விட்டுப்போன துப்பாக்கிகளையும் வைத்துக் கற்றுக்கொண்டேன். மேசைக்கு வரும் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஓர் அட்டை எழுதுவேன். இதில் நான் குறிப்பிடும் தேதிகள் அந்த அட்டைகளில் உள்ளவை.

2011 பிப்ரவரி 12 அன்று வெர்லின் கடைக்கு வந்தார். அவருடைய பழைய துப்பாக்கியில் ஒவ்வொரு முறை சுட்ட பின்னும் முன்கட்டையைக் கையால் இழுத்துத்தான் அடுத்த தோட்டாவை ஏற்ற வேண்டும்; அதை இனி அந்தத் தோள் தாங்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். வான்கோழி வேட்டைக்குச் செமி ஆட்டோமேட்டிக் ஒன்று வேண்டும் என்றார். அதில் இரண்டு வகை இருப்பதை விளக்கினேன். ஒன்று, வெடிமருந்தின் புகையில் ஒரு பங்கை எடுத்து அதன் வலுவால் இயங்குவது; அடி மென்மையாக விழும், ஆனால் கனம், கரியும் படியும். மற்றது, பின்னுதைப்பின் வலுவால் மட்டுமே இயங்குவது. எடை குறைவு, கரி இல்லை, ஆனால் உதைக்கும். தோளை மனத்தில் வைத்து முதல் வகையையே நான் பரிந்துரைத்தேன். அவர் இரண்டையும் மாறி மாறித் தூக்கிப் பார்த்தார்.

"சீசனுக்கு ஒரு தடவையோ ரெண்டு தடவையோதான் சுடுவேன், நேடின். ஆனா மூணு வாரம் சுமந்துக்கிட்டு மலை ஏறணுமே."

வாங்குபவர் கூறிய காரணம் நியாயமானது என்று அட்டையில் எழுதி, இலகுவானதையே வரவழைத்துக் கொடுத்தேன். பராமரிப்பையும் சொன்னேன்: ஈரத்தில் நனைந்தால் அன்றே துடைக்க வேண்டும், எண்ணெயை ஒரு சொட்டுக்கு மேல் காட்டக் கூடாது, பின்கட்டைக்குள் இருக்கும் ஸ்பிரிங்கை ஆண்டுக்கொரு முறை கழற்றித் துரு பார்க்க வேண்டும்.

ஏப்ரல் 18, திங்கள்கிழமை, சீசன் தொடங்கியது. ஓடைக்கு அப்பால் வெள்ளை ஓக் மரத்தில் அடையும் ஒரு முதிர்ந்த வான்கோழிச் சேவலை அவர் மூன்று ஆண்டுகளாக அறிவார். இருட்டு விலகுமுன் அதற்கு நூறு கஜ தூரத்தில் அமர்ந்து, தோட்டாவை ஏற்றி, சிலேட்டில் குச்சியை உரசிப் பெட்டையின் குரலை எழுப்பினார். சேவல் இறங்கி வந்தது. முப்பது கஜத்தில் கழுத்தை நிமிர்த்தி நின்றது. விசையை அழுத்தினார். 'டக்' என்ற ஒலி மட்டும் வந்தது. சேவல் போய்விட்டது.

அன்று பிற்பகல் துப்பாக்கியையும் வெடிக்காத தோட்டாவையும் கொண்டுவந்தார். தோட்டாவை உறையிலிட்டுத் தேதி எழுதினேன். பித்தளை அடியின் நடுவில் ஊசி குத்த வேண்டிய பொட்டில் எந்தத் தழும்பும் இல்லை. துப்பாக்கிக்குள் பார்த்தால் எண்ணெய் வழிந்தது. அன்பு மிகுதியால் லோயிஸின் தலையணை உறையை எண்ணெயில் நனைத்து உள்ளும் புறமும் தேய்த்திருக்கிறார். குற்றவாளி அகப்பட்டுவிட்டான் என்று நம்பினேன். முழுவதும் கழற்றித் துடைத்தேன், பின்கட்டை ஸ்பிரிங்கை மாற்றினேன், மருந்தில்லாத போலித் தோட்டாக்களை வைத்து நாற்பது முறை சோதித்தேன். நாற்பது முறையும் ஊசி பொட்டைக் குத்தியது. அப்படியே ரசீதில் எழுதிக் கையெழுத்திட்டேன்.

வியாழக்கிழமை அதே ஓடை, அதே சேவல், அதே 'டக்'.

இம்முறை அவர் என்னிடம் வரவில்லை. கடையின் முன்பக்கத்தில் காப்பி குடித்துக்கொண்டிருந்தவர்களிடம் சொன்னார். நான் ஆணிப் பெட்டிகளுக்குப் பின்னால் இருந்தது அவருக்குத் தெரியாது.

"முதல் நாள் எண்ணெய் என் தப்புதான், ஒத்துக்கிறேன். ஆனா நேடின் கை வெச்சதுக்கப்புறமும் வெடிக்கலைன்னா என்ன அர்த்தம்?"

"அந்தச் சேவலுக்கு ஒரு கடுதாசி போட்டுப் பாருப்பா. நீதான் தபால்காரனாச்சே" என்றார் ஒருவர். எல்லாரும் சிரித்தார்கள். வெர்லின் சிரிக்கவில்லை. அவர் பொய் சொல்கிறவர் அல்லர். எனக்கு அதுதான் சிக்கலாயிற்று. நூற்றுப் பன்னிரண்டு வீடுகளும் நம்பும் ஒரு மனிதர், சீசன் எப்படிப் போகிறது என்று கேட்டவர்களுக்கெல்லாம் உள்ளதை உள்ளபடி சொன்னார். ஒரே வாரத்தில் ஏழு பேர் தங்கள் துப்பாக்கிகளைப் பழுதுபார்க்காமலே திரும்ப வாங்கிச் சென்றார்கள். ஏழு அட்டைகளிலும் அவர்கள் சொன்ன காரணத்தை எழுதினேன். நான்கில் 'காரணம் கூறவில்லை' என்றே எழுத நேர்ந்தது.

ஏப்ரல் 27 அன்று ஹோபார்ட் என் மேசையருகே வந்து நின்றார். அவர் கெட்டவர் அல்லர்; கடை நடத்துபவர்.

"பக்கத்து ஊர்ல ஒருத்தன் இந்த மேசையைக் கேக்கறான். சீசன் முடியற வரைக்கும் பொறுக்கறேன், நேடின். அதுக்குள்ள இந்தப் பேச்சு அடங்கணும். இல்லேன்னா நான் வேற வழி பாக்கணும்மா."

சீசன் மே 8 அன்று முடிகிறது. பதினொரு நாள் இருந்தது.

வெர்லினை வழியில் நிறுத்தித் துப்பாக்கியைக் கேட்டேன். தயங்கினாலும் கொடுத்தார்; இரண்டாவது தோட்டாவையும் கொடுத்தார். அதன் பொட்டிலும் தழும்பு இல்லை. மீண்டும் கழற்றினேன், ஊசியை அளந்தேன், மேலும் அறுபது முறை சோதித்தேன். குறை எதுவும் இல்லை. என் மேசையில் ஒருமுறைகூடத் தவறாத துப்பாக்கி, அவர் கையில் இருமுறை தவறியது. என்னிடமிருந்த காகிதங்களெல்லாம் என்னை நிரபராதி என்றன. ஆனால் அவரைப் பொய்யராக்காமல் நான் நிரபராதியாக வழி தெரியவில்லை.

மே 3, செவ்வாய்க்கிழமை, காய்ச்சலால் வீட்டிலிருந்தேன். அடுக்களை ஜன்னலிலிருந்து பார்த்தபோது வெர்லினின் கார் என் பெட்டியருகே நின்றிருந்தது. கை நீண்டது, கடிதம் உள்ளே போனது, மூடியை உள்ளங்கை தாங்கியது, கட்டைவிரல் கடைசி அங்குலத்தைத் தள்ளியது. என் நாய் காதைக்கூட அசைக்கவில்லை. கார் போன பிறகும் நான் ஜன்னலிலேயே நின்றிருந்தேன். நூறு முறை சோதித்தேன் என்று பெருமையாக எழுதி வைத்திருந்தேனே, நூறு முறையும் தோட்டாவைக் குழலுக்குள் தள்ளி மூடும் போல்ட்டைப் பின்னுக்கு இழுத்து, அது தானாக அறைந்து மூடும்படி விட்டவள் நான். மரத்தில் அடைந்த பறவைக்கு நூறு கஜத்தில் அமர்ந்திருப்பவர் அப்படிச் செய்வாரா?

மறுநாள் மாலை அவரைக் கடைக்கு வரச் சொன்னேன். ஹோபார்ட்டையும் உடன் நிற்கச் சொன்னேன். போலித் தோட்டாவின் பொட்டில் மெழுகுவத்திக் கரியைப் பூசிக் கொடுத்தேன்.

"காட்டுல எப்படி ஏத்துவீங்களோ, அப்படியே ஏத்துங்க வெர்லின். இது கடைன்னு நினைக்காதீங்க."

அவர் போல்ட்டின் கைப்பிடியை மூன்று விரலால் பிடித்து, மெல்ல மெல்ல முன்னே விட்டார். ஓர் ஒலியும் எழவில்லை. பார்வைக்குத் துப்பாக்கி மூடியிருந்தது. ஹோபார்ட் தம் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். போல்ட் முழுவதும் போய்ச் சேராமல், இரண்டு மூன்று கடித உறைகளின் தடிமன் அளவுக்குப் பின்தங்கி நின்றது. அதன் தலை கடைசி இடத்தில் சற்றே திரும்பிப் பூட்டிக்கொள்ள வேண்டும். ஸ்பிரிங்கின் முழு வேகம் இல்லாவிட்டால் திரும்பாது. பூட்டாத துப்பாக்கியில் ஊசி தோட்டாவை எட்டாது.

"அழுத்துங்க" என்றேன்.

டக்.

தோட்டாவை எடுத்துக் காட்டினேன். கரி கலையவில்லை. பிறகு அதையே ஏற்றி, போல்ட்டை அறைந்து மூடும்படி விட்டு விசையை அழுத்தினேன். கரியின் நடுவே தெளிவாக ஒரு குழி விழுந்தது.

வெர்லின் தீவன மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டார். தன் வலது கையைப் பார்த்துக்கொண்டேயிருந்தார்.

"இத்தனை வருஷமா எல்லாத்தையும் இப்படித்தான் மூடறேன்."

"தெரியும். நேத்து ஜன்னல்லேர்ந்து பாத்தேன். நானும் இதை முதல் நாளே கேட்டிருக்கணும். துப்பாக்கியைச் சோதிச்சேன், உங்களைச் சோதிக்கலை."

மெல்ல மூடுவதில் தவறில்லை என்றும், மூடிய பின் கைப்பிடியை உள்ளங்கையால் முன்னே அழுத்தி, போல்ட் போய்ப் பூட்டிக்கொண்டதை விரலால் தடவிப் பார்த்தால் போதும் என்றும் காட்டினேன். அவர் பத்து முறை செய்து பார்த்தார். பத்து முறையும் கரியில் குழி விழுந்தது. ஆனால் அவர் மனம் அதில் இல்லை.

"எத்தனை வீட்டுல சொன்னேன்னு எனக்கே ஞாபகமில்லை, நேடின்."

"ஒரு சீட்டு எழுதி எல்லாப் பெட்டியிலயும் போட்டுடுப்பா. நாளைக்கே முடிஞ்சிடும்" என்றார் ஹோபார்ட்.

வெர்லின் அதிர்ச்சியோடு நிமிர்ந்தார். "தபால்தலை இல்லாம பெட்டியில எதையும் போடக் கூடாது, ஹோபார்ட். அது சட்டவிரோதம்."

அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. துப்பாக்கியை எடுத்துக்கொண்டு அவர் போய்விட்டார். கதவு மூடிய சத்தம் கேட்கவில்லை.

மே 7, சனிக்கிழமை, என் பெட்டியில் ஓர் அஞ்சலட்டை இருந்தது. முறையாக முத்திரை குத்தப்பட்டது. அவருடைய நேரான கையெழுத்து: 'என் துப்பாக்கி இருமுறை வெடிக்காததற்குக் காரணம் நான் அதைச் சரியாக மூடாததே. நேடின் புரூயிட்டின் வேலையில் குறை இல்லை. வேறு விதமாகச் சொன்னது என் தவறு. வெர்லின் டீக்.' எனக்கும் ஏன் அனுப்பினார் என்று பிறகு லோயிஸிடம் கேட்டேன். அறுபத்தேழாவது பெட்டியை மட்டும் எப்படி விடுவது என்று கேட்டாராம். அச்சடித்துவிடலாமே என்று லோயிஸ் சொன்னதற்கு, வாயால் சொன்னதைக் கையால்தான் திருத்த வேண்டும் என்றாராம். வேலைக்குப் போகும் முன் வேட்டைக்குக் கிடைப்பது விடியற்காலை மட்டுமே. வியாழன், வெள்ளி இரண்டு விடியலும் உணவு மேசையில் உட்கார்ந்து, வலிக்கும் அந்தத் தோளோடு நூற்றுப் பன்னிரண்டு அட்டைகளையும் எழுதி முடித்திருக்கிறார். சனிக்கிழமை அவற்றைப் பெட்டிகளில் போட்டு முடித்த பிறகு கையைத் தூக்கவே முடியவில்லை. ஞாயிறன்று சீசன் முடிந்தது. வெள்ளை ஓக் மரத்துச் சேவல் அந்த ஆண்டு தப்பியது அப்படித்தான்.

திங்களன்று ஏழு துப்பாக்கிகளில் நான்கு திரும்பி வந்தன. ஐந்தாவது ஆகஸ்டில் வந்தது. மற்ற இரண்டும் வரவேயில்லை. அந்த அட்டைகளை இன்னும் முடிக்காமல் வைத்திருக்கிறேன். ஹோபார்ட் என் மேசையின்மேல் தொங்கிய விளக்குக்குப் புது பல்பு மாற்றிவிட்டுப் போனார்.

அடுத்த ஏப்ரலில் வெர்லின் அந்தச் சேவலை வீழ்த்தினார். நெஞ்சிறைச்சியில் ஒரு துண்டை லோயிஸ் மாவில் புரட்டி வறுத்து எனக்குக் கொடுத்தனுப்பினார். அஞ்சலட்டை, கரி பூசிய தோட்டா, தழும்பில்லாத இரண்டு தோட்டாக்கள், எல்லாம் ஒரே உறையில் இருக்கின்றன.

சென்ற மாதம் அவர் ஓய்வு பெற்றார். கடைசி நாள்வரை நூற்றுப் பதினோரு பெட்டிகளை ஓசையின்றியே மூடினார். என்னுடையதை மட்டும், அந்த மே மாதத்திலிருந்து, வீட்டுக்குள் கேட்கும்படி அறைந்து மூடினார். என் நாய் ஒவ்வொரு நாளும் வாசல்வரை ஓடிக் குரைத்தது. நான் ஒருநாளும் அதை அடக்கவில்லை.